நானூறு மில்லிநொடிக்கு முன்னால்

பேஸ்பாலில் பந்தெறியும் பிட்சரின் மேட்டுக்கும் அடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கும் நடுவே 60 அடி 6 அங்குலம். 1893 முதல் இந்தத் தூரம் மாறவில்லை. பிட்சர் காலை நீட்டி முன்னால் சாய்ந்தே பந்தை விடுவதால், விரலைவிட்டுப் பந்து பிரியும்போது மிச்சம் இருப்பது ஏறத்தாழ 55 அடிதான். மணிக்கு 95 மைல், அதாவது சுமார் 153 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்துக்கு அதைக் கடக்க 400 மில்லிநொடி போதும். ‘ஆ’ என்று ஒரு நெடிலைச் சொல்லி முடிக்கும் நேரம் அது. அந்த நேரமும் முழுதாக அடிப்பவருக்குக் கிடைப்பதில்லை. மட்டையைச் சுழற்றிப் பந்தின் பாதைக்குக் கொண்டுவரவே 150 மில்லிநொடி போய்விடுகிறது. கண் வாங்கியதை மூளை புரிந்துகொள்ளவும், மூளையின் கட்டளை தசைக்குப் போய்ச் சேரவும் இன்னொரு பங்கு போகிறது. கழித்துப் பார்த்தால், பந்து பாதி வழி வருவதற்குள் அடிப்பதா விடுவதா என்ற முடிவு எடுக்கப்பட்டிருக்க வேண்டும். இனி மோதலைப் பார்ப்போம். மட்டையின் தடித்த பகுதிக்கு விதி அனுமதிக்கும் விட்டம் 2.61 அங்குலம். பந்தின் விட்டம் 3 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. இரண்டும் உருண்டை. கால் அங்குலம் மேலே பட்டால் பந்து தரையில் உருளும்; கீழே பட்டால் வானத்தைப் பார்த்துக் கிளம்பி யாரோ ஒருவர் கையில் இறங்கும். சில மில்லிநொடி முந்தினாலோ பிந்தினாலோ பக்கக் கோட்டுக்கு வெளியே போய் ஃபவுலாகும்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள் ஒரு வேறுபாட்டை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கிரிக்கெட்டில் ஒரு நல்ல பந்தைத் தடுத்து நிறுத்திவிட்டு அடுத்ததற்குக் காத்திருக்கலாம். நாள் முழுக்கவும் அப்படி நிற்கலாம். பேஸ்பாலில் தடுப்பாட்டம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பிளேட்டின் 17 அங்குல அகலத்துக்கு மேலே, முழங்காலுக்கும் மார்புக்கும் இடைப்பட்ட ஒரு கண்ணுக்குத் தெரியாத சட்டம் இருக்கிறது. அதற்குள் வந்த பந்தை விட்டாலும், எங்கே வந்த பந்தையும் வீசித் தவறவிட்டாலும் ஸ்ட்ரைக். மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் வெளியே போக வேண்டும். சட்டத்துக்கு வெளியே வந்த, ‘பால்’ எனப்படும் நான்கு பந்துகளைத் தொடாமல் விட்டால், அடிக்காமலே முதல் தளத்துக்கு நடந்து போகலாம். இந்த ‘வாக்’ என்னும் உரிமை பார்ப்பதற்குச் சின்ன விஷயம். அடிக்கும் கலையின் பாதி அதற்குள்தான் இருக்கிறது.

இத்தனை குறுகிய நேரத்தில் நடக்கும் வேலையைப் பார்க்கும் யாரும், இது பிறவியிலேயே கூர்மையான கண்ணும் மின்னல் போன்ற எதிர்வினையும் வாய்த்தவர்களின் ஆட்டம் என்று நினைப்பது இயல்பு. நூறாண்டுகளாக அப்படித்தான் நினைத்துவந்தார்கள். 1921இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக உளவியலாளர்கள் அன்றைய நட்சத்திர ஆட்டக்காரர் பேப் ரூத்தை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துக் கண்ணையும் காதையும் கையையும் அளந்தபோது தேடியது அந்த ரகசியத்தைத்தான். சான்றுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் கிடைக்கும் விடை வேறு. பந்து கையைவிட்டுப் பிரியும் முன்பே அடிப்பவர் செய்து முடித்திருக்கும் வேலைதான் பெரும்பகுதி: எது வரும் என்ற ஊகம், எதை அடிப்பதில்லை என்ற தீர்மானம், அந்த இரண்டுக்கும் பிறகு மனம் கையின் குறுக்கே வராமல் பார்த்துக்கொள்ளும் பழக்கம். மனநிலை என்று நாம் பேசுவது திறமையின் மேல் பூசிய மெருகு அல்ல. நேரமே இல்லாத இந்த வேலையில் திறமைக்கு உள்ளே கிடக்கும் எலும்பு அது.

முதலில் கண். எந்தச் சிறுவனுக்கும் பயிற்சியாளர் சொல்லும் முதல் அறிவுரை, பந்து மட்டையில் படும்வரை அதன்மேல் கண்ணை வை என்பது. 1980களின் தொடக்கத்தில் டெரி பாஹில் என்ற பொறியியலாளரும் டாம் லாரிட்ஸும் இதைச் சோதித்தார்கள். மீன்பிடி நரம்பில் கோத்த ஒரு பிளாஸ்டிக் பந்தை மோட்டாரால் இழுத்து, பிளேட்டைக் கடக்கும் பந்தைப் போல ஓடவிட்டு, பார்ப்பவரின் கண்ணும் தலையும் எப்படி அசைகின்றன என்று அளந்தார்கள். சாதாரண ஆட்கள் பிளேட்டுக்கு ஒன்பது அடி இருக்கும்போதே பந்தைக் கோட்டைவிட்டார்கள். அவர்கள் சோதித்த தொழில்முறை ஆட்டக்காரர் அவர்களைவிட நன்றாகச் செய்தார். ஆனால் அவரும் ஐந்தரை அடியில் தோற்றார். கடைசித் தூரத்தில் பந்து கண்ணைக் கடக்கும் கோண வேகம் மனிதக் கண்ணின் எல்லையைத் தாண்டிவிடுகிறது. அதாவது மட்டையும் பந்தும் மோதும் கணத்தை எவரும் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருப்பதில்லை. ‘எழும்பும்’ வேகப்பந்தைப் பற்றி அடிப்பவர்கள் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்வதற்கும் விளக்கம் இதில்தான் இருக்கிறது. பின்சுழற்சி எத்தனை இருந்தாலும், மேலிருந்து எறியப்படும் பந்து ஈர்ப்பை வென்று மேலே ஏறுவதில்லை; எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இறங்குகிறது, அவ்வளவுதான். மூளை தானே வரைந்து வைத்த பாதைக்கு மேலே பந்து போவதால் எழும்பியதாகத் தோன்றுகிறது. அவர்கள் அடிக்க வீசியது தாங்கள் கணித்த பந்தை. வந்த பந்து வேறு.

அடுத்தது எதிர்வினை வேகம். இதற்கு மிகத் தெளிவான சோதனை கிரிக்கெட்டிலிருந்து வருகிறது. 1987இல் பீட்டர் மக்லியோட் என்ற உளவியலாளர், விரித்த பாயின் அடியில் மரக் குச்சிகளைப் பதித்து, பந்து குத்தியபின் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் ஊகிக்க முடியாதபடி செய்தார். இங்கிலாந்துக்கு ஆடிய மட்டையாளர்களை அதில் நிறுத்திப் படம் பிடித்தார். பந்து திரும்பியதைப் பார்த்து மட்டையைத் திருத்த அவர்களுக்கும் ஏறத்தாழ 200 மில்லிநொடி பிடித்தது. தெருவில் போகும் ஒருவருக்குப் பிடிக்கும் நேரமும் அதுதான். 2006இல் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், அந்தத் தலைமுறையின் ஆகச் சிறந்த பேட்டர்களில் ஒருவரான ஆல்பர்ட் புஹோல்ஸைச் சோதித்தார்கள். எளிய எதிர்வினை வேகத்தில் அவர் கல்லூரி மாணவர்களின் கூட்டத்தில் 66ஆம் சதமானத்தில் இருந்தார். நூறு மாணவர்களை வரிசையாக நிறுத்தினால் முப்பதுக்கும் மேற்பட்டோர் அவருக்கு முன்னால் நிற்பார்கள்.

அதே புஹோல்ஸுக்கு 2004இல் கலிஃபோர்னியாவில் நடந்தது இந்த விவாதத்தையே முடித்துவைக்கக்கூடிய சான்று. அமெரிக்க சாஃப்ட்பால் அணியின் பிட்சர் ஜென்னி ஃபின்ச், ஒரு நட்சத்திரக் காட்சி ஆட்டத்தில், அமெரிக்க பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீக்கின் பேட்டர்களுக்குப் பந்து எறிந்தார். சாஃப்ட்பாலின் பந்து பேஸ்பாலைவிடப் பெரிது. ஃபின்ச்சின் வேகம் மணிக்கு 70 மைலைத் தொடாதது. எறியும் தூரம் 43 அடி என்பதால், பந்து வந்துசேரும் நேரம் அவர்கள் தினமும் எதிர்கொள்ளும் வேகப்பந்துக்கு ஏறத்தாழச் சமம். நேரம் அதே, பந்து பெரிது, கண்ணும் கையும் அதே ஆட்களுடையவை. புஹோல்ஸ் ஸ்ட்ரைக் அவுட் ஆனார். மைக் பியாட்ஸாவும் பிரையன் ஜைல்ஸும் அப்படியே. மாறியது ஒன்றே ஒன்று: ஃபின்ச் இடுப்புக்குக் கீழிருந்து, கையைக் காற்றாடி போலச் சுற்றி எறிந்தார். தோளுக்கு மேலிருந்து எறியும் ஆயிரக்கணக்கான கைகளைப் பார்த்துப் பார்த்து அவர்கள் மூளையில் சேர்த்துவைத்திருந்த நூலகத்தில் இந்தக் கை இல்லை. எதிர்வினைதான் அடிப்பவரின் ஆயுதம் என்றால் அன்று அது மழுங்கியிருக்கக் காரணமே இல்லை.

அந்த நூலகத்தில் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். பிட்சரின் தோள் திறக்கும் நேரம், முழங்கையின் உயரம், மணிக்கட்டு மடங்கும் கோணம், பந்து கையைவிட்டு வெளிவரும் அந்தச் சின்னச் சன்னல். பிறகு தையல். ஸ்லைடர் என்னும் பந்து துப்பாக்கிக் குண்டைப் போலச் சுழல்வதால், சிவப்பு நூல் தையல் ஒன்றுசேர்ந்து பந்தின் முகத்தில் ஒரு சிவப்புப் பொட்டாகத் தெரியும் என்று பேட்டர்கள் சொல்வது வழக்கம். வேகப்பந்தில் அந்தப் பொட்டு இருக்காது. முதல் பத்து, பதினைந்து அடிக்குள் இதைப் படித்தாக வேண்டும். பிட்சர்களும் இதை அறிந்தவர்கள்தானே. அதனால்தான் வேகமாக வருவதையும் கடைசியில் இறங்குவதையும் ஒரே கையசைவில், பாதி வழிவரை ஒரே பாதையில் அனுப்பப் பாடுபடுகிறார்கள். பேட்டர் முடிவெடுத்த பிறகே இரண்டும் பிரிகின்றன. ஆக, உடலைப் படித்து மட்டும் முழு விடையை எட்ட முடியாது. சூழலையும் படிக்க வேண்டும். மூன்று பால், ஒரு ஸ்ட்ரைக் என்ற நிலையில் பிட்சர் சட்டத்துக்குள் எறிந்தாக வேண்டிய கட்டாயத்தில் இருக்கிறார். வேகப்பந்து வரும் வாய்ப்பு கூடுகிறது. பால் எதுவும் இல்லாமல் இரண்டு ஸ்ட்ரைக் விழுந்திருந்தால் அவருக்கு அவசரம் இல்லை. வெளியே போட்டு ஆசை காட்டலாம். மெய்நிகர் பேட்டிங் கருவி ஒன்றை வைத்துக் கல்லூரி ஆட்டக்காரர்களை ஆராய்ந்த ராப் கிரே 2002இல் வெளியிட்ட ஆய்வில், மட்டையின் நேரம் வந்த பந்தை மட்டும் பொறுத்து அமையவில்லை. அதற்கு முன் வந்த பந்துகளையும் பால்-ஸ்ட்ரைக் கணக்கையும் பொறுத்து மாறியது. தொடர்ந்து வேகமாக வந்தபின் ஒரு மெதுவான பந்து வந்தால் மட்டை முந்திப் போயிற்று. லீக் முழுவதன் கணக்கிலும் இதன் நிழல் தெரிகிறது. இரண்டு ஸ்ட்ரைக் விழுந்தபின் பேட்டிங் சராசரி, அதாவது அடிக்க நின்ற முறைகளில் தளத்தை எட்டவைத்த அடிகளின் விகிதம், 0.200க்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஸ்ட்ரைக் அவுட் என்பதே இரண்டு ஸ்ட்ரைக்குக்குப் பின்னால்தான் நிகழ முடியும் என்பதால் இந்த இறக்கத்தில் ஒரு பகுதி வெறும் எண்கணிதம்தான். மீதி, ஒரே பந்தின்மேல் பந்தயம் கட்டும் சுதந்திரத்தை இழந்த மனிதரின் சராசரி.

இந்தச் சுதந்திரத்தை ஒரு கோட்பாடாகவே ஆக்கியவர் டெட் வில்லியம்ஸ். 1939 முதல் 1960 வரை பாஸ்டன் ரெட் சாக்ஸுக்காக ஆடியவர்; இரண்டு போர்களுக்காக நடுவே ஐந்து பருவங்களின் பெரும்பகுதியைப் படையில் கழித்தவர். அப்படியிருந்தும் வேலியைத் தாண்டிப் போகும் அடிகளான ஹோம் ரன்கள் 521உம் 0.344 சராசரியும் அவர் பெயரில் இருக்கின்றன. தளத்தை அடைந்த விகிதம் 0.482, மேஜர் லீக் வரலாற்றில் இதைத் தாண்டியவர் இல்லை. ஜான் அண்டர்வுட்டோடு சேர்ந்து 1970களின் தொடக்கத்தில் அவர் எழுதிய ‘அடிப்பதின் அறிவியல்’ என்ற நூலில் ஒரு படம் உண்டு. ஸ்ட்ரைக் சட்டத்தை 77 பந்துகளால் நிரப்பி, ஒவ்வொரு பந்திலும் தன் சராசரியை எழுதியிருப்பார். நடுவில் வந்தால் 0.400. வெளிப்புறக் கீழ் மூலையில் வந்தால் 0.230. அந்த எண்கள் அவருடைய மதிப்பீடுகள்தான், அளவுகருவி தந்தவை அல்ல என்று சிலர் குறை சொல்வதுண்டு. எனக்கு அதுதான் அந்தப் படத்தின் மதிப்பாகத் தெரிகிறது. தன் பலவீனத்தை அங்குலம் அங்குலமாக அறிந்து, அதை ஊரறிய வரைந்து காட்டும் ஆட்டக்காரர்கள் அரிது. இளமையில், முந்தைய தலைமுறை ஆட்டக்காரர் ராஜர்ஸ் ஹார்ன்ஸ்பியிடம் அவர் கற்ற பாடம், அடிக்கத் தகுந்த பந்துக்காகக் காத்திரு என்பது. இரண்டு ஸ்ட்ரைக் விழும்வரை அந்த 0.230 மூலையில் வரும் ஸ்ட்ரைக்கைக்கூட விட்டுவிடலாம் என்பதுவரை அதை அவர் நீட்டினார். இங்கே மனநிலையையும் கணக்கையும் பிரிக்க முடியாது. நல்ல பந்து எது என்ற அறிவு இருந்து, கெட்ட பந்தைக் கண்டதும் கை துடித்தால் அந்த அறிவால் பயன் இல்லை. பதறாத கை மட்டும் இருந்து, எதற்காகக் காத்திருக்கிறோம் என்ற தெளிவு இல்லாவிட்டால் அது வெறும் சோம்பல்.

1941ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். செப்டம்பர் 28, பருவத்தின் கடைசி நாள். பிலடெல்ஃபியாவில் ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள். அதுவரை வில்லியம்ஸ் 448 முறை ஆடி 179 அடிகள்; சராசரி 0.39955. முழுமையாக்கினால் 0.400. உட்கார்ந்துவிட்டால் அந்தப் பெருமை பத்திரம். அவர் இரண்டு ஆட்டங்களையும் ஆடினார், எட்டில் ஆறு அடித்தார், 0.406இல் பருவத்தை முடித்தார். இதை வீரக் கதையாகவே சொல்லிச் சொல்லிப் பழக்கப்படுத்திவிட்டார்கள். அதே பருவத்தின் வேறு இரண்டு எண்களை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை: 147 வாக், 27 ஸ்ட்ரைக் அவுட். அடிக்காமல் விட்டதன் கணக்கு அது. 37 ஹோம் ரன் அடிக்கும் வலிமை கையில் இருந்தும், 147 முறை மட்டையைக் கீழே வைத்துவிட்டு நடந்து போனார். கடைசி நாளின் ஆறு அடிகளுக்கு அடியில் கிடப்பது அந்த மறுப்புகள்தான்.

ஜப்பானில் இதே உண்மை உடலின் வழியாக வெளிப்பட்டது. சதஹாரு ஓ 1959இல் யோமியூரி ஜயன்ட்ஸ் அணியில் சேர்ந்தார். முதல் பருவத்தில் சராசரி 0.161, ஹோம் ரன் 7. அடுத்த இரண்டு பருவங்களில் 17, 13. மட்டையைச் சுழற்றத் தொடங்கும் முன் கையில் ஒரு தேவையற்ற துள்ளல். பந்தைக் கண்டதும் உடல் முந்திப் பாயும் பதற்றம். பயிற்சியாளர் ஹிரோஷி அரகாவா அந்தத் துள்ளலைத் திட்டியோ புத்தி சொல்லியோ மாற்றப் பார்க்காமல், வலது காலைத் தூக்கி ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னார். ஒற்றைக்காலில் நிற்பவரால் முந்திப் பாய முடியாது, பாய்ந்தால் விழுந்துவிடுவார். அமெரிக்கர்கள் இதற்குப் பூநாரை நிலை என்று பெயர் வைத்தார்கள். நம் கண்ணுக்கு அது குளத்துக் கொக்கு. அரகாவா அவரை அய்கிடோ கலையின் ஆசான் மொரிஹெய் உஎஷிபாவிடம் அழைத்துப் போனார். கூரையிலிருந்து தொங்கவிட்ட ஒரு தாளை உண்மையான ஜப்பானிய வாளால் வெட்டும் பயிற்சியை இரவு இரவாகச் செய்ய வைத்தார். தொங்கும் தாள் லேசானது. வலிமையைக் காட்டினால் வாள் தாளைத் தள்ளும், வெட்டாது. வெட்ட வேண்டுமென்றால் கூர்முனை சரியான கணத்தில், சரியான கோட்டில் போக வேண்டும். தனக்கும் எதிராளிக்கும் இடையே உள்ள இடைவெளியையும் நேரத்தையும் சேர்த்து ஜப்பானியர் ‘மா’ என்று சொல்வார்கள். ஓ கற்றுக்கொண்டது அந்த இடைவெளியைத் தன் கைக்குள் வைத்திருப்பதை. ஒற்றைக்காலுக்கு மாறிய 1962இல் 38 ஹோம் ரன். 1974 வரை பதின்மூன்று ஆண்டுகள் தொடர்ந்து லீக்கில் முதலிடம். 1977 செப்டம்பர் 3 அன்று 756ஆவது, மேஜர் லீக் சாதனையான ஹாங்க் ஆரனின் 755ஐத் தாண்டி. 1980இல் ஓய்வு பெறும்போது 868. அவர் கையின் வலிமை 1961க்கும் 1962க்கும் இடையே மூன்று மடங்காகிவிடவில்லை. காத்திருப்பதற்கு உடலே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டது.

இனி மோதும் கணத்தில் மனம் எங்கே இருக்க வேண்டும் என்ற கேள்வி. ராப் கிரே 2004இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு இதற்குப் பதில் வைத்திருக்கிறது. தேர்ந்த பேட்டர்களிடம் மட்டை வீசும்போதே இடையில் ஒலிக்கும் ஓர் ஓசையின் தன்மையைச் சொல்லச் சொன்னார், ஆட்டம் கெடவில்லை. அந்த ஓசை கேட்ட நொடியில் உங்கள் மட்டை எந்தத் திசையில் நகர்ந்துகொண்டிருந்தது என்று கேட்டார், ஆட்டம் கெட்டது. புதியவர்களிடம் இது தலைகீழாக நடந்தது. தேர்ந்தவர்கள் அடி விழாத சரிவுக் காலத்தில் இருந்தபோது, தங்கள் மட்டை எந்தத் திசையில் நகர்ந்தது என்பதை வழக்கத்தைவிடத் துல்லியமாகச் சொன்னார்கள். அதாவது, சரிவில் மாட்டியவரின் கவனம் பந்தைவிட்டுத் தன் கைமேல் திரும்பிவிடுகிறது. திரும்பத் திரும்பச் சரிவு ஆழமாகிறது. அடிப்பவரின் தன்னம்பிக்கையைப் பற்றிப் பேசுவதெல்லாம் மேடைப் பேச்சு என்று நினைப்பவர்கள் இந்த முடிவை ஒருமுறை பொறுமையாகப் படிக்க வேண்டும். தோல்வி இந்த வேலையின் விதிவிலக்கு அல்ல, வழக்கம். 2024இல் மேஜர் லீக் முழுவதன் சராசரி 0.243, அதாவது நான்கில் மூன்று முறை தோல்வி. பத்தில் மூன்று முறை வென்றவர் நட்சத்திரம். மானிடவியலாளரும் முன்னாள் மைனர் லீக் ஆட்டக்காரருமான ஜார்ஜ் க்மெல்ச் 1971இல் ஒன்றைச் சுட்டிக்காட்டினார். ஆட்டக்காரர்களின் சடங்குகளும் தாயத்துகளும் சகுனங்களும் பந்தெறிவதையும் அடிப்பதையும் சுற்றியே இருக்கின்றன. பந்தைப் பிடிக்கும் களப்பணியில், நூற்றுக்குத் தொண்ணூற்றேழு முறைக்கு மேல் வெற்றி கிடைக்கும் அந்த வேலையில், சடங்கே கிட்டத்தட்ட இல்லை. நிச்சயமின்மை எங்கே கனமாக இருக்கிறதோ அங்கே மனம் பிடித்துக்கொள்ள ஏதாவது தேடுகிறது. பேட்டர் வேட் பாக்ஸ் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் கோழிக்கறி சாப்பிட்டார். டோனி க்வின் வேறொன்றைப் பிடித்துக்கொண்டார். 1983 முதல் தன் ஆட்டங்களை வீடியோவில் பதிவு செய்து, ஒவ்வொரு பிட்சரின் கையையும் திரும்பத் திரும்பப் பார்த்தார். இருபது பருவங்களில் 3,141 அடிகள், 0.338 சராசரி, 434 ஸ்ட்ரைக் அவுட் மட்டும். தன் காலத்தின் ஆகச் சாமர்த்தியசாலியான பிட்சர் கிரெக் மாடக்ஸுக்கு எதிராக அவர் சராசரி 0.415. மாடக்ஸால் அவரை ஒருமுறைகூட ஸ்ட்ரைக் அவுட் செய்ய முடியவில்லை.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்ல உண்மையிலேயே கனமான விஷயங்கள் இருக்கின்றன. அவற்றைத் தட்டிக்கழிப்பது நேர்மையாகாது. 1990களில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் ஆட்டக்காரர்களின் கண்களை மருத்துவர்கள் அளந்தபோது, அவர்களுடைய பார்வைக் கூர்மை சாதாரண மக்களைவிடத் தெளிவாக உயர்ந்திருந்தது. வில்லியம்ஸின் பார்வையும் கடற்படை மருத்துவர்களை வியக்க வைத்தது. அப்படியானால் கண்தானே எல்லாம் என்று கேட்கலாம். கண் இந்தக் களத்துக்குள் நுழைவதற்கான சீட்டு என்பதை ஏற்றுக்கொள்கிறேன். தையலின் சுழற்சியை இருபது அடிக்கு அப்பால் படிக்க முடியாதவர் நூலகத்தைச் சேர்க்கவே முடியாது. நுழைந்தவர்கள் அனைவரிடமும் அந்தச் சீட்டு இருப்பதால், அவர்களுக்குள் யார் சிறந்தவர் என்பதை அது தீர்மானிப்பதில்லை. ஃபின்ச்சின் முன்னால் நின்றவர்களின் கண்கள் அன்று பழுதாகிவிடவில்லை.

விளாடிமிர் கெரேரோவைக் காட்டி மறுப்பவர்களும் உண்டு. இதுதான் எனக்கு மிகக் கடினமான மறுப்பாகப் படுகிறது. டொமினிக்கன் குடியரசிலிருந்து வந்த அவர் காலடியில் வந்ததையும் தலைக்கு மேல் போனதையும் வீசினார். தரையில் குத்தி எழும்பிய பந்தையே அடித்துத் தளத்தை அடைந்திருக்கிறார். 449 ஹோம் ரன், 0.318 சராசரி, 2018இல் புகழ்மண்டபம். காத்திருப்பதே கலை என்றால் இவர் எப்படி? ஒரு விவரத்தைக் கூடவே பார்க்க வேண்டும்: எந்தப் பருவத்திலும் அவர் நூறு முறை ஸ்ட்ரைக் அவுட் ஆனதில்லை. கண்டதையெல்லாம் குருட்டுத்தனமாக வீசுபவருக்கு அது சாத்தியம் இல்லை. அவருடைய ‘நல்ல பந்து’ விதிப்புத்தகத்தின் சட்டத்தைவிடப் பெரிதாக இருந்தது. அதன் எல்லை எது என்று அவர் கைக்குத் தெரிந்திருந்தது. வில்லியம்ஸின் 77 பந்துகளை அப்படியே எல்லோருக்கும் பாடமாக்கிய பயிற்சியாளர்கள் தவறவிட்டது இதைத்தான். ஒவ்வொருவரும் வரைய வேண்டியது தங்கள் சொந்தப் படத்தை.

மனநிலைக்கு இவ்வளவு பங்கு இருந்தால் 1941க்குப் பிறகு மேஜர் லீகின் இரு பிரிவுகளான அமெரிக்கன் லீகிலும் நேஷனல் லீகிலும் யாரும் ஏன் 0.400ஐத் தொடவில்லை என்றும் கேட்கலாம். உயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்ட் இதற்குச் சொன்ன விளக்கம் இன்றும் நிற்கிறது. ஆட்டத்தின் பொதுத் தரம் உயர உயர, சிறந்தவருக்கும் சராசரி ஆட்டக்காரருக்கும் உள்ள இடைவெளி சுருங்குகிறது. சிகரங்கள் தாழ்வதற்குக் காரணம் மொத்த நிலமும் உயர்ந்ததே. பிட்சர்களும் சும்மா இருக்கவில்லை. 1968இல் அவர்கள் கை எவ்வளவு ஓங்கியதென்றால், அமெரிக்கன் லீகின் முதல் பேட்டரான கார்ல் யஸ்த்ரெம்ஸ்கியின் சராசரியே 0.301தான்; மறு ஆண்டே எறிமேட்டின் உயரத்தை 15 அங்குலத்திலிருந்து 10 ஆகக் குறைத்தார்கள். 2015இல் பந்தின் வேகத்தையும் கோணத்தையும் அளக்கும் கருவிகள் ஒவ்வொரு மைதானத்துக்கும் வந்தபோது, அணிகள் கண்ட வழி பந்தை உயரக் கிளப்பு, முழு பலத்தோடு அடி என்பது. 2019இல் 6,776 ஹோம் ரன்கள் பறந்தன, அது சாதனை. 2018இல் லீகின் வரலாற்றிலேயே முதல் முறையாக அடிகளைவிட ஸ்ட்ரைக் அவுட்கள் அதிகமாயின. கணக்கில் இது லாபமாகவே இருக்கலாம். ஒரு ஹோம் ரன்னுக்குச் சில ஸ்ட்ரைக் அவுட்களை விலையாகக் கொடுப்பது அறிவுக்கு ஒத்ததுதான். ஆனால் பழைய திறன் வழக்கொழிந்துவிட்டது என்று இதிலிருந்து முடிவுகட்டுவது அவசரம். லூயிஸ் அராயெஸ் 2022, 2023, 2024 என்று மூன்று ஆண்டுகள், மூன்று வெவ்வேறு அணிகளுக்காக ஆடி, பேட்டிங் சராசரியில் தன் லீகின் முதலிடத்தைப் பிடித்தார். 2024இல் பருவம் முழுவதிலும் 29 முறைதான் ஸ்ட்ரைக் அவுட் ஆனார். அவர் கையில் ஹோம் ரன் வலிமை பெரிதாக இல்லை. எதிரே இருந்ததோ சராசரி வேகப்பந்தே மணிக்கு 94 மைலில் வரும் காலம்.

பயிற்சி எந்தப் பக்கம் போகிறது என்பதையும் கவனிக்கலாம். கண்ணை வேகமாக்கும் விளக்குப் பலகைகளும் எதிர்வினைப் பொத்தான்களும் அரை நூற்றாண்டாக வந்து வந்து போயிருக்கின்றன. இப்போது அணிகள் பெரும் பணம் கொடுத்து வாங்கும் டிராஜெக்ட் என்ற இயந்திரம் வேறு வகை. அதன் முகப்பில் ஒரு திரை. நாளை எதிர்கொள்ளப் போகும் அதே பிட்சர் அதில் காலைத் தூக்கி, கையைச் சுழற்றி எறிகிறார். அவர் விரல் பந்தை விடும் அதே புள்ளியிலிருந்து, அதே சுழற்சியோடு உண்மையான பந்து வெளியே வருகிறது. பேட்டர் அதை அடிக்கக்கூட வேண்டியதில்லை. பார்த்தால் போதும் என்று பலர் வெறுமனே மட்டையோடு நிற்கிறார்கள். 2024 முதல், ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே உள்ளே உள்ள பயிற்சிக் கூண்டில் இதைப் பயன்படுத்த மேஜர் லீக் அனுமதிக்கிறது.